தருப்பையாய் எரிந்தவரின் கல்லறை

1

இந்த 'ஊர் மலர்' சஞ்சிகையின் சென்ற இதழில், வரும் தைப்பொங்கலை ஊரிலேயே கொண்டாடுவேன் என்றும், அதன்பின் லண்டன் மாநகருக்குத் திரும்பும் எண்ணம் எனக்கில்லை என்றும் எழுதியிருந்தேன். பொங்கல் வந்து போயிற்று. சித்திரைப் புத்தாண்டும் கழிந்தது. நான் வரவில்லை. என் தங்கை கமலா எனக்கென்று வெள்ளையடித்து, சன்னலுக்குப் புதுக் கொளுக்கி போட்டு வைத்திருக்கும் அறை இன்னும் பூட்டியே கிடக்கிறது.

சந்தையிலும் சங்கக்கடையிலும் அவளை மறித்து, அண்ணனாகிய என்னைப் பற்றி, "கொண்ணர் எங்கை?" என்று கேட்பவர்களுக்கு அவளால் பதில் சொல்லி மாளவில்லை. நான் நோயில் விழுந்துவிட்டேன் என்று சிலர் சொன்னார்களாம். மகன் என் கடவுச்சீட்டைப் பறித்து வைத்திருக்கிறான் என்றார்களாம் வேறு சிலர். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியிடம் நான் அகப்பட்டுக்கொண்டேன் என்றும் ஒரு கதை உலவுகிறது. இவற்றுள் கடைசிக் கதையே உண்மைக்கு மிக அருகில் நிற்கிறது. ஆதலால் அதை நானே விளக்கிவிடுவது முறையென்று கருதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். எழுத்து எனக்குப் பத்திரிகைகளை உரத்து வாசித்து வந்த பழக்கத்தால் வாய்த்தது. வசனங்களில் குறையிருப்பின் வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

2

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பெருங்கடல் தாண்டியவர் வேலுப்பிள்ளை என்பவர். என் பாட்டனாரின் தமையனார். அவரைக் 'கப்பல் அப்பு' என்றே வீட்டில் சொல்வோம். பாய்க்கப்பலில் ரங்கூன் வரை போனவர், அங்கே நீராவிக் கப்பலொன்றில் கரி அள்ளிப் போடும் வேலைக்கு ஏறினார் என்பது வரை செய்தி உண்டு. அதன்பின் அவரைப் பற்றி ஊருக்கு ஒரு சொல்லும் வரவில்லை.

ஆண்டுகள் பல சென்றன. அவருடைய தம்பியாகிய என் பாட்டனாருக்குத் திருமணம் பேசப்பட்டது. பெண் வீட்டார் ஒரு கேள்வி கேட்டார்கள். மூத்தவர் உயிரோடிருந்தால், அவர் இருக்க இளையவருக்கு மணம் செய்வது எப்படி? அவர் இறந்திருந்தால், கிரியை செய்யப்படாமல் தீட்டுக் கழியாத துடக்கு வீட்டில் பெண்ணைக் கொடுப்பது எப்படி? இரண்டுக்கும் எங்களவர்களிடம் விடை இருக்கவில்லை. மூன்று சம்பந்தங்கள் இக்கேள்வியாலேயே முறிந்தன.

கடைசியில் சாத்திரியார் ஒரு வழி சொன்னார். நெடுங்காலம் காணாமற் போனவருக்குச் செய்யும் கிரியை அது. தருப்பைப் புல்லை முடிந்து ஆளுருவம் செய்தார்கள். அதற்கு வேட்டி உடுத்தினார்கள். பாடையில் வைத்துச் சுடலைக்குக் கொண்டுபோய் எரித்தார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் குறைவின்றி நடந்தது. அடுத்து வந்த ஆவணியில் பாட்டனாருக்குத் திருமணம் ஒப்பேறியது.

அந்தப் புல் எரியாதிருந்தால் என் தந்தை பிறந்திருக்க மாட்டார். நானும் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். என் சிறுவயதில் ஆண்டுதோறும் கப்பல் அப்புவின் திவசம் வீட்டில் நடக்கும். அன்றைக்குச் சுடும் உழுந்து வடையின் ருசியைத் தவிர அவரைப் பற்றி எனக்கு வேறு நினைவு கிடையாது.

3

இந்நாட்டிற்கு அகதியாக வந்து, பெற்றோல் நிலையத்தில் சில காலமும், பிறகு கிழக்கு லண்டனில் பார்க்கிங் (Barking) என்னும் நகரில் ஒரு பத்திரிகைக் கடையில் நெடுங்காலமும் வேலை செய்தேன். அக்கடைக்கு வியாழன் தோறும் ஓர் ஆங்கிலேய மாது வருவார். பெயர் டோரீன். தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அச்சிட்ட வார இதழொன்றும், மின்ட் இனிப்புப் பைக்கற்று ஒன்றும் வாங்குவார். முதல் நாளே என்னைப் பார்த்து, "தாங்க்யூ, லவ்" என்றார். நான் திடுக்கிட்டுப் போனேன். அன்று மாலை என் மனைவி பரமேஸ்வரியிடம் இதைச் சொல்லிவிடுவதே பாதுகாப்பு என்று கருதிச் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "மீன்காரனும் என்னை அப்பிடித்தான் கூப்பிடுறான். நான் உங்களுக்குச் சொன்னனானே?" என்றாள்.

டோரீன் அம்மையார் அடிக்கடி, "எங்கட கிராண்டாட் உங்கட பக்கத்து ஆள்" என்பார். (கிராண்டாட் என்பது பாட்டனார். அவர் பேசுவது கிழக்கு லண்டன் ஆங்கிலம். அதை ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன்; என் காதில் அது அப்படித்தான் விழுகிறது.) 'உங்கட பக்கம்' என்பது இந்நாட்டவர்க்குக் கராச்சி முதல் சிங்கப்பூர் வரை நீளும் பெருநிலம். ஆகவே நான் புன்னகைத்து மிச்சக் காசைக் கொடுத்துவிடுவேன். அவ்வாறே பல ஆண்டுகள் கழிந்தன.

கடை மூடப்பட்டது. நான் ஓய்வு பெற்றேன். பரமேஸ்வரி காலமானாள். அவளுடைய சாம்பலை நானே கொண்டுபோய்க் கீரிமலைக் கடலில் கரைத்து, நானும் பின்னாலே வருகிறேன் என்று அந்த நீரிடம் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு குளிர்காலக் காலையில், பார்க்கிங் பேருந்து நிறுத்தத்தில் டோரீன் அம்மையாரைக் கண்டேன். இருக்கையிலிருந்து எழ முடியாமல் சிரமப்பட்டார். கையைக் கொடுத்தேன். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, மூச்சை உள்ளிழுத்து, அவர் எண்ணினார்:

"ஒண்டு, ரெண்டு, மூண்டு!"

எழுந்து நின்றுவிட்டார். நான்தான் இருக்கையில் அமர்ந்துவிட்டேன்.

"என்ன சொன்னீங்கள்?"

"அதுவோ? கிராண்டாட் என்னைத் தூக்கேக்க அப்பிடித்தான் சொல்லுவார். அர்த்தம் தெரியாது. ஆனா சொன்னா எழும்ப ஏலும்."

"வேறை என்ன சொல்லுவார்?"

"சவரம் செய்யேக்க வெட்டுப்பட்டா, 'சந்நிதியானே' எண்டு கத்துவார். அது கெட்ட வார்த்தையோ?"

தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகனை அவ்வாறு விளித்துக் கூப்பிடுகிறவர் எந்தக் கரையில் பிறந்தவர் என்று எங்கள் வடமராட்சி வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் பேருந்து வந்து நின்று, கதவைத் திறந்து, மூடிக்கொண்டு போய்விட்டது. நாங்கள் ஏறவில்லை.

"அவர் ஒருக்காலும் ஊருக்குப் போகேல்லையோ?" என்று கேட்டேன்.

"அம்மாவும் அதைத்தான் கேப்பா. அவர் சிரிப்பார். 'நான் அங்கை செத்துப்போனன், பிள்ளை. புல்லிலை என்னைச் செய்து எரிச்சுப்போட்டினம்' எண்டுவார். டொக்ஸில, கப்பல்துறையிலை, ஊர்ப்பக்கத்துக் கப்பல்காரன் ஒருத்தன் வந்து சொன்னவனாம். நாங்கள் அது கிராண்டாடின்ரை பகிடி எண்டு நினைச்சுச் சிரிக்கிறனாங்கள்."

"அது பகிடி இல்லை, டோரீன்," என்றேன். "அந்தத் திவசத்து வடையை நான் சாப்பிட்டனான்."

கப்பல் அப்பு இந்நகரின் கப்பல்துறையில் மூட்டை சுமந்து, ஓர் ஆங்கிலேயப் பெண்ணை மணந்து, பேத்தியின் கை பிடித்து நடந்த காலத்தில், நாங்கள் அங்கே அவருக்கு எள்ளும் நீரும் இறைத்துக்கொண்டிருந்தோம். ஏன் அவர் திரும்பவில்லை என்பதும் எனக்கு அப்போது விளங்கிற்று. அந்தியேட்டி முடிந்தவர் உயிரோடு வாசற்படலையில் வந்து நின்றால், அவர் இறந்தார் என்ற நம்பிக்கையில் நடந்த தம்பியின் கலியாணம் என்னாவது? அவர் திரும்பிப் போவதற்குரிய வழியை எங்களவர்களே எரித்துவிட்டார்கள். அவரும் இறந்தவராகவே இருந்துகொண்டார்.

உறவுமுறையைக் கணக்கிட்டுப் பார்த்தேன். டோரீனின் தாயார் என் தந்தைக்குத் தங்கை முறை, எனக்கு மாமி. மாமியின் மகள் மச்சாள். தொலைபேசியில் இதைக் கமலாவிடம் சொன்னபோது அவள் சொன்னது: "லண்டனிலை இத்தனை வருஷம் மச்சாளுக்குப் பேப்பர் வித்திருக்கிறியள், அண்ணை. ஒரு பால் தேத்தண்ணியாவது குடுத்தியளோ?"

4

கப்பல் அப்புவின் கல்லறை, பார்க்கிங்குக்கு அப்பாலுள்ள ஒரு பழைய இடுகாட்டின் மூலையில் இருக்கிறது. டோரீன் மச்சாள் என்னை அங்கே அழைத்துச் சென்ற அன்று கல்லறையைக் காணவில்லை. முட்செடியும் படர்கொடியும் ஆளுயரம் வளர்ந்திருந்தன. மச்சாள் தம் கைத்தடியால் கொடியை விலக்கி, "இஞ்சைதான், இதுக்குக் கீழைதான்" என்று நிலத்தைத் தட்டினார். ஒரு மரவேர் குழியின் விளிம்பைக் கிளப்பிவிட்டிருந்தது. சாய்ந்து நின்ற நடுகல்லை, ஆட்கள் மேல் விழுந்துவிடும் என்று நகரசபைக் கவுன்சில்காரர் முகங்குப்புறப் படுக்கவைத்து, ஒரு மஞ்சள் சீட்டைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மழையில் அந்தச் சீட்டின் எழுத்தும் கரைந்திருந்தது.

அக்குழி ஒரு குடும்பக் குழி. அடியில் கப்பல் அப்பு. அவருக்கு மேல் அவருடைய மனைவி. அதற்கும் மேல் மச்சாளின் தாயார், அதாவது என் மாமி. இந்நாட்டில் அடுக்கடுக்காய்ப் புதைப்பார்கள் என்பதை நான் அன்றுதான் அறிந்தேன்.

கையுறையும் கத்தரிக்கோலும் ஒரு வாளியும் வாங்கினேன். வியாழன் தோறும், நான் மகனோடு வசிக்கும் செவன் கிங்ஸிலிருந்து பேருந்தேறிப் போய்க் கொடி வெட்டினேன். மச்சாள் மடக்கு நாற்காலியில் அமர்ந்து, பிளாஸ்க்கில் கொண்டுவந்த தேநீரை ஊற்றிக்கொண்டு, "அந்தப் பக்கம் விட்டிட்டியள்" என்று மேற்பார்வை செய்வார். வீடு வந்ததும் நான் தலைமுழுகாமல் உள்ளே வருவதில்லை. மருமகளுக்கு இது பெரிய இடைஞ்சல். "மாமா, அது ஒரு பார்க் மாதிரித்தானே?" என்பாள். சுடலை ஒருநாளும் பூங்காவாகாது என்று சொல்லிக்கொண்டே நான் இன்னொரு வாளி தண்ணீரை ஊற்றிக்கொள்வேன்.

எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் பூசை செய்த ஐயர், இப்போது லண்டனில் சட்டன் பக்கத்தில் ஒரு கோயிலில் இருக்கிறார். கல்லறையில் ஏதேனும் ஒரு கிரியை செய்யலாமா என்று அவரைத் தொலைபேசியில் கேட்டேன்.

"அந்தியேட்டி முடிஞ்ச ஆள் தானே, ராசையா அண்ணை?" என்றார்.

"ஓம். ஆனா உயிரோடை இருக்கேக்க முடிஞ்சது."

"அப்பிடியெண்டால் அவர் வந்து நிண்டிருந்தா, பிறந்த குழந்தைக்குச் செய்யிறதிலை இருந்து எல்லாத்தையும் திரும்பச் செய்து வீட்டுக்குள்ளை எடுத்திருக்கலாம். சாத்திரத்திலை இடமிருக்கு. இப்ப அவரும் போய், செய்தவையும் போய்... நீங்கள் ஒரு கற்பூரத்தைக் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு வாங்கோ."

சாத்திரத்தில் வழி இருந்ததாம். அதைக் கப்பல்துறைக்கு வந்து சொல்ல ஒருவர் இருக்கவில்லை.

கல்லை நிமிர்த்துவதற்குக் கவுன்சிலின் அனுமதி வேண்டும். இடுகாட்டு அலுவலகத்தில் இருந்த இளம்பெண் மிகுந்த மரியாதையோடு விளக்கினாள். குழியின் உரிமை இப்போது டோரீனுடையது. கல்லை நிறுத்துகிறவர் அதன் பிற்காலப் பொறுப்பையும் ஏற்றுக் கையெழுத்திட வேண்டும். மச்சாள் தலையசைத்து மறுத்தார்.

"எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. நான் போனாப் பிறகு கல்லு திரும்பச் சாய்ஞ்சா ஆர் வாறது? சும்மா பொய்க் கையெழுத்து ஏன்?"

எனக்கு அவ்வேளையில் ஒரு வீறு வந்தது. புல்லுக்கு வேட்டி உடுத்தி எரித்த குடும்பத்தின் வாரிசு நான் ஒருவன் இங்கே இருக்கிறேன். இதைக்கூடச் செய்யாவிட்டால் நான் எதற்கு? "உரிமையை என் பெயருக்கு மாற்றுங்கள், பொறுப்பு என்னுடையது" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். மச்சாள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பத்திரங்கள் எழுதப்பட்டன. நான் எல்லாவற்றிலும் தமிழில் கையெழுத்திட்டேன்.

கல் நிமிர்ந்த அன்று நல்ல வெயில். பழைய கரண்டியொன்றில் கற்பூரம் ஏற்றினேன். காவலர் ஓடிவந்து, இங்கே நெருப்பு மூட்டக்கூடாது என்றார். மச்சாள் அவரைப் பார்த்து, "இந்த ஆளை ஏற்கெனவே ஒருக்கா முழுசா எரிச்சாச்சு, லவ். இது சின்ன நெருப்பு. அணைஞ்சிடும்" என்றார். அவர் ஒன்றும் விளங்காமல் போய்விட்டார்.

திரும்பிவரும் வழியில், பேருந்தின் முன்னிருக்கையில், மச்சாள் மெல்லக் கேட்டார்:

"அதிலை இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்கு. தெரியும் தானே?"

"தெரியாது."

"மேல் தட்டு. சின்ன வயசிலை கிராண்டாடோடை சண்டை பிடிச்சு வாங்கினனான். ரெண்டு தட்டுக் கட்டில் மாதிரி எண்டு நினைச்சு, எனக்கு மேல் தட்டுத்தான் வேணும் எண்டு அழுதனான். அவர் சத்தியம் பண்ணித் தந்தவர். அம்மாவுக்கு மேலை நான். இப்ப உரிமை உங்களிட்டை. திறக்கிறதுக்கு நீங்கள்தான் கையெழுத்து வைக்க வேணும். வைப்பியள் தானே?"

"ஓம், மச்சாள். வைப்பன்," என்றேன்.

சொல்லி முடித்து, பேருந்து அடுத்த திருப்பம் திரும்பும்போதுதான், தைப்பொங்கலுக்கு நான் ஊருக்குப் போகவேண்டியவன் என்பது நினைவுக்கு வந்தது.

5

மறுநாளே இடுகாட்டு அலுவலகத்துக்குப் போய், யாழ்ப்பாணத்திலிருந்து கையெழுத்திட இயலுமா என்று கேட்டேன். இயலும் என்றாள் அப்பெண். அங்கே நொத்தாரிசு என்னும் பத்திரச் சட்டத்தரணியிடம் கையெழுத்தை உறுதிப்படுத்தி, மூலப்பிரதியை அனுப்ப வேண்டும். அது வந்து சேர்ந்து சரிபார்க்கும் வரையில் இறந்தவரைக் குளிர்ப்பெட்டியில் வைத்திருப்பார்கள். சில வாரங்கள் ஆகலாம். அதுமட்டுமன்று. உறவினர் எவரும் வந்து பொறுப்பேற்காவிட்டால், கவுன்சில் தன் செலவில் தனக்கு வசதியான முறையில் அடக்கத்தை முடித்துவிடவும் கூடும். அவ்வாறு முடிக்கப்படுகிறவர் மேல் தட்டுக்கு வந்து சேருவார் என்று சொல்வதற்கில்லை.

"இன்னொருவரைக் கூட்டு உரிமையாளராகச் சேர்க்கலாம்," என்றாள். "இங்கேயே வசிப்பவராக இருந்தால் சிக்கல் இல்லை."

அன்று மாலை, மகன் சுதன் வேலையால் வந்து, தேநீர்க் கோப்பையோடு சமையலறையில் நின்றபோது விடயத்தைச் சொன்னேன். அவன் கணக்காளன். எதையும் கேட்டுவிட்டுச் சற்றுப் பொறுத்தே பதில் சொல்வான்.

"நான் கையெழுத்து வைச்சா நீங்கள் அடுத்த கிழமையே பிளேன் ஏறுவியள், என்ன?"

"ஏறத்தானே வேணும், தம்பி. சொல்லிப்போட்டன்."

"அங்கை விழுந்தா ஆர் தூக்கிறது? கமலா மாமிக்கே முழங்கால் ஏலாது."

"அங்கை ஆக்கள் இருக்கினம்."

"இஞ்சை நாங்கள் ஆக்கள் இல்லையோ?"

அவன் கோப்பையைக் கழுவினான். ஏற்கெனவே கழுவிய கோப்பையைத் திரும்பவும் கழுவினான்.

"அந்த இடத்தை நீங்களே எடுங்கோவன், அப்பா," என்றான், முகத்தைத் திருப்பாமலே.

"என்ன கதை இது? நாங்கள் எரிக்கிற ஆக்கள்."

"சாம்பலையும் அதுக்குள்ளை வைக்கலாமாம். நான் பாத்திட்டன்."

அவன் பார்த்துவிட்டான் என்பது எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. என் பாட்டனாரின் தமையனாருடைய கல்லை நிமிர்த்த நான் ஓடித் திரிந்த வேளையில், என் மகன் அதே குழியில் எனக்கு இடம் விசாரித்திருக்கிறான்.

"அது மச்சாளுக்குச் சொன்ன இடம்," என்றேன். "எனக்குக் கீரிமலை. அம்மா இருக்கிற இடம்."

அப்போது அவன் திரும்பினான். நாற்பத்தைந்து வயதுக்காரனின் முகம் அல்ல அது.

"அம்மா எங்கை இருக்கிறா, அப்பா? நீங்கள் கொண்டுபோய்க் கடலிலை விட்டிட்டு வந்தியள். என்னை ஒரு சொல்லுக் கேட்டியளோ? வேலையிலை ஒருத்தன்ரை அம்மா செத்தா, ஞாயிற்றுக்கிழமை பூவோடை போய் இருந்திட்டு வாறான். எனக்குப் போய் இருக்க ஒரு இடமில்லை. அம்மான்ரை பிறந்தநாளுக்கு நான் கார் பார்க்கிலை இருந்திட்டு வாறனான். உங்களையும் அப்பிடி விட ஏலாது. நான் கையெழுத்து வைக்க மாட்டன்."

சொல்லிவிட்டு மேலே போய்விட்டான். சிறிது நேரம் கழித்துப் பேத்தி மீரா இறங்கிவந்து, ஆங்கிலத்தில், "அப்பப்பா, அப்பா ஏன் பாத்ரூமில அழுறார்?" என்று கேட்டாள். வெங்காயம் என்று சொன்னேன். வீட்டில் அன்று எவரும் வெங்காயம் வெட்டியிருக்கவில்லை.

பரமேஸ்வரியின் சாம்பலைக் கரைத்தது சாத்திரப்படி சரியானதே. அதை நான் இன்றும் மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் என் மகன் கார் நிறுத்துமிடத்தில் அமர்ந்து தாயை நினைக்கிறான் என்பதை அறிந்தபின், விமானச்சீட்டை எடுக்க என் கை எழவில்லை.

6

இனி என் நிலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மச்சாளுக்கு வயது எண்பத்தொன்று. எனக்கு எழுபத்தேழு. அவர் இருக்கும் வரை நான் ஊருக்குப் போக இயலாது. நான் ஊருக்குப் போக வேண்டுமானால் அவர் போக வேண்டும். இப்படி ஒரு கணக்கில் நான் அகப்படுவேன் என்று கனவிலும் எண்ணியதில்லை. வியாழன் தோறும் "எப்பிடிச் சுகம்?" என்று அவரைக் கேட்கிறேன். எத்தனையோ பேரிடம் எத்தனையோ முறை கேட்ட கேள்விதான். இப்போது அது என் நாவில் கூசுகிறது. அவர் நலம் என்றால் மனம் மகிழ்கிறது. மகிழும் அதே கணத்தில் எங்கோ ஒரு கதவின் கொளுக்கி விழும் சத்தமும் கேட்கிறது.

மச்சாளுக்கு இது தெரியாமலில்லை. ஒரு வியாழன், இடுகாட்டு வாசலில் என்னைக் கண்டதும் கைத்தடியை உயர்த்தி, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ, மச்சான். இந்தக் கிழமையும் சாகேல்லை" என்றார். (மச்சான் என்ற சொல்லை நான்தான் கற்றுக்கொடுத்தேன்.) இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் எங்களில் எவரும் மற்றவர் முகத்தைப் பார்க்கவில்லை.

சென்ற வியாழன் நடந்ததைச் சொல்லி இதை முடிக்கிறேன். கல்லின் அடியில் பாசி பிடித்திருந்தது. நான் வாளித் தண்ணீரில் தேய்த்துக்கொண்டிருந்தேன். மச்சாள் நாற்காலியைக் கொண்டுவரவில்லை. குழியின் விளிம்புக் கல்லிலேயே அமர்ந்திருந்தார்.

"நான் யோசிச்சுப் பாத்தன்," என்றார். "என்னையும் எரிக்கச் சொல்லி எழுதிக் குடுத்திடுறன். உங்கட ஆக்கள் மாதிரி. கவுன்சில்காரனே செய்வான். கையெழுத்து ஒண்டும் தேவையில்லை. நீங்கள் போங்கோ."

"மேல் தட்டு?"

"அது சின்னப் பிள்ளைக் கதை."

அவர் அதைச் சொல்லும்போது, விளிம்புக் கல்லை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தார். கட்டிலில் விரிப்பின் சுருக்கத்தை எடுக்கிற மாதிரி இருந்தது.

ஊருக்குப் போகும் கதவு திறந்தேதான் கிடந்தது. 'சரி, மச்சாள்' என்று ஒரு சொல் சொன்னால் போதும்; ஆனியில் நான் கமலாவின் முற்றத்தில் இருப்பேன். ஒருவர் தம் இடத்தை விட்டுக்கொடுத்ததால் தழைத்த குடும்பம் எங்களுடையது. அவருடைய பேத்தியிடமும் இன்னொரு இடத்தை வாங்கிக்கொண்டு நான் விமானம் ஏறுவதா?

"வேண்டாம்," என்றேன். "உங்களை ஒருத்தரும் எரிக்கத் தேவையில்லை. இந்தக் குடும்பத்திலை தேவையில்லாமல் ஒரு ஆளை எரிச்சது போதும்."

மச்சாள் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். குளிர் என்றார். சித்திரை வெயில் நன்றாகவே அடித்துக்கொண்டிருந்தது.

அவ்வேளையில் கமலா வீடியோ அழைப்பில் வந்தாள். அங்கே மாலை நேரம். அவளுக்குப் பின்னால் எனது அறையின் வெள்ளைச் சுவர் தெரிந்தது. அறையைத் திறந்து கூட்டிக்கொண்டிருந்தாள் போலும்.

"அண்ணை, ஒண்டு தெளிவாச் சொல்லுங்கோ. வாறியளோ, இல்லையோ? ஊர்ச் சனத்துக்கு நான் எத்தினை பொய் சொல்லுறது?"

"இப்ப வரேல்லை, தங்கச்சி. எப்ப எண்டும் சொல்ல ஏலாது."

"மச்சாளைக் கண்டவுடனை ஊரை மறந்திட்டியள்."

"மச்சாள் பக்கத்திலைதான் இருக்கிறா. கேளன்."

தொலைபேசியைத் திருப்பினேன். மச்சாள் கையசைத்தார். கமலா அவரை உற்றுப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். "அண்ணை," என்றாள் பிறகு, குரலைத் தாழ்த்தி, "எங்கட அப்பான்ரை மூக்கெல்லோ!"

நான் இதுகாறும் அதைக் கவனித்ததில்லை. ஆம், என் தந்தையின் மூக்கு. கடைக்காரனாக நின்று இத்தனை ஆண்டுகள் சில்லறை கொடுத்த நான், அந்த மூக்கைக் காணவில்லை.

"கமலா, நான் ஒண்டு கேக்கிறன்," என்றேன். "எனக்காகக் காத்திருக்க வேண்டாம். அறையிலை தேங்காயைப் போடு, வெங்காயத்தைப் போடு. ஆனா காத்திருந்து அலுத்துப்போட்டுது எண்டு, என்னையும் புல்லிலை செய்து எரிச்சுப்போடாதேங்கோ. நான் இருக்கிறன்."

அவள் முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். படம் சற்று ஆடியது. பிறகு அவளுடைய வழக்கமான குரல் வந்தது.

"எரிக்க ஐயருக்கு எங்கை போறது? அவரும் அங்கைதானே நிக்கிறார்!"

அழைப்பு முடிந்தது. என்ன சொன்னாள் என்று மச்சாள் கேட்டார். சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்துக் குழிக்குப் பூ வைத்துக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

பேருந்துக்கு நேரமாயிற்று. வாளியின் தண்ணீரை மரத்தடியில் ஊற்றினேன். மச்சாள் ஒரு கையைக் கல்லின் மேல் ஊன்றி, மறுகையை என்னிடம் நீட்டினார்.

"ஒண்டு, ரெண்டு, மூண்டு," என்று அவரே எண்ணினார். நான் தூக்கினேன்.